சரடோவ் ஏர்லைன்ஸ் எப்படி வளர்ந்துச்சு, ஏன் மூடிட்டாங்க

2018 பிப்ரவரி 11-ம் தேதி மத்தியானம் மாஸ்கோ தொமொதேதவோ ஏர்போர்ட்ல இருந்து ஓர்ஸ்க் போறதுக்காகக் கிளம்பின ஆன்டோனவ் 148 விமானம் ஒண்ணு ஆறே நிமிஷத்துல பக்கத்து கிராமத்துப் பனி வயல்ல விழுந்து, உள்ள இருந்த 71 பேரும் இறந்துபோனாங்க. பயணிகள் 65 பேர், க்ரூ 6 பேர். ரெண்டு நாளைக்கு எல்லா சேனல்லயும் ஓடுச்சு, அப்புறம் மறந்துட்டாங்க. ஆனா அந்த ஃப்ளைட்டை ஓட்டின சரடோவ் ஏர்லைன்ஸ்ங்கிற சின்ன கம்பெனியோட கதை, சோவியத் யூனியன் உடைஞ்சதுக்கு அப்புறம் ரஷ்யாவுல மாகாண அளவு விமான சர்வீஸ் என்ன பாடுபட்டுச்சுன்னு புரிஞ்சிக்க ரொம்ப நல்ல உதாரணம். விபத்து நடந்து நாலு மாசம் முடியறதுக்குள்ள அந்த கம்பெனியே இல்லாமப் போச்சு. ஏன்னு கேட்டா எல்லாரும் பைலட்டு ஒரு ஸ்விட்ச்சைப் போட மறந்துட்டாருன்னு முடிச்சிடறாங்க. அது உண்மைதான், ஆனா முழு உண்மை இல்ல.

முதல்ல ஊரைப் பாக்கலாம். சரடோவ், வோல்கா ஆத்தோட வலது கரையில இருக்கிற பெரிய ஊர், மாஸ்கோவுக்குத் தென்கிழக்குல. விமானத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு கொஞ்சநஞ்சம் இல்ல. யூரி ககாரின் டெக்னிக்கல் காலேஜ் படிச்சது இங்கதான், இங்க இருந்த ஃப்ளையிங் கிளப்லதான் முதமுதலா விமானம் ஓட்டக் கத்துக்கிட்டாரு, 1961 ஏப்ரல் 12-ல விண்வெளிக்குப் போய்ட்டு அவரு தரை இறங்கினதும் இதே சரடோவ் மாகாணத்துல ஏங்கல்ஸ் ஊருக்குப் பக்கத்து வயல்லதான். இப்படிப்பட்ட ஊரோட ஏர்போர்ட் எங்க இருந்துச்சுன்னா, சொகோலவயா குன்று மேல, ஊருக்கு நடுவுலயே. பக்கத்துலயே போர் வெற்றிப் பூங்கா, கீழ குடியிருப்பு, அந்தப் பக்கம் சரிவு. ரன்வே நீளம் சுமாரா 2.2 கிலோமீட்டர்தான். நீட்டணும்னு நினைச்சாலும் இடம் கிடையாது, ஒரு பக்கம் நிலம் சரியுது, மத்த பக்கம் வீடுங்க வந்துடுச்சு. இந்த ரன்வேதான் இந்தக் கதையில முக்கியமான ஆளுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா இந்தக் கம்பெனி எந்த விமானம் வாங்கணும், எதை வாங்க முடியாதுங்கிறதை எல்லாம் கடைசிவரைக்கும் பெரும்பாலும் இதுதான் முடிவு பண்ணுச்சு.

சோவியத் காலத்துல இது ஒரு பிரச்சனையாவே தெரியல. காரணம், அந்த ரன்வேக்கு ஏத்த விமானத்தை அந்த ஊர்லயே செஞ்சாங்க. சரடோவ் விமானத் தொழிற்சாலை ரெண்டாம் உலகப்போர்ல யாக் போர் விமானங்களை வண்டி வண்டியா உருவாக்கின இடம், 1943-ல ஜெர்மன்காரங்க குண்டு போட்டு பெரும்பகுதியை நாசமாக்கின பிறகும் நிக்காம வேலை பாத்த இடம். போர் முடிஞ்ச பின்னாடி அங்கதான் யாக் 40, அதுக்கப்புறம் யாக் 42 எல்லாம் செஞ்சாங்க. யாக் 40 மட்டும் ஆயிரத்துக்கும் மேல, இத்தாலி, மேற்கு ஜெர்மனிக்குக்கூட வித்தாங்க.

யாக் 42-வைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். வால் பக்கம் மூணு எஞ்சின், 120 பேர் உக்காரலாம், பின்னாடி வயித்துப் பகுதியில இருந்து ஒரு ஏணி கீழ இறங்கும், பயணிங்க அது வழியா நேரா தரையில இறங்கி நடந்துபோயிடலாம். அதாவது ஏர்போர்ட்ல ஏணி வண்டி இல்ல, ஏரோபிரிட்ஜ் இல்லன்னாலும் கவலையில்ல. சின்ன ரன்வேயில ஏறி இறங்கும், குளிர் காலத்துல தாங்கும். ஆரம்பத்துல ஒரு பெரிய அடி வாங்கிச்சு, 1982-ல பெலாரஸ்ல ஒரு யாக் 42 வால் பகுதி மெக்கானிசம் உடைஞ்சு விழுந்து 132 பேர் இறந்தாங்க, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கிட்ட எல்லாத்தையும் நிறுத்திவச்சு டிசைனை மாத்தித்தான் திரும்ப விட்டாங்க. அதுக்கப்புறம் உழைப்பாளி விமானம்னு பேர் எடுத்துச்சு. சரடோவ் ஏர்லைன்ஸுக்கு இது சொந்த ஊர்ச் சரக்கு, ரிப்பேர்னா தொழிற்சாலை அதே ஊர்ல, என்ன கோளாறுன்னு கேட்டா செஞ்ச ஆளே வந்து சொல்லுவாரு. இந்த மாதிரி வசதி உலகத்துல எத்தனை சின்ன ஏர்லைனுக்குக் கிடைக்கும்!

அப்போ அது தனி கம்பெனியே இல்ல. சோவியத் யூனியன்ல விமான சர்வீஸ்னா ஏரோஃப்ளாட் ஒண்ணுதான், சரடோவ்ல இருந்ததும் அதோட ஒரு கிளை. 1991-ல நாடு உடைஞ்சப்போ ஏரோஃப்ளாட்டும் உடைஞ்சுது, ஒவ்வொரு ஊர் கிளையும் தன்கிட்ட அன்னைக்கு நின்னுட்டிருந்த விமானம், பைலட்டு, மெக்கானிக்கு, பல இடத்துல ஏர்போர்ட்டு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு தனித்தனி ஏர்லைனா மாறிடுச்சு. பேபிஃப்ளாட்னு கூப்பிட்டாங்க, முன்னூறுக்கும் மேல முளைச்சுது. அப்படி வந்ததுதான் சராவியா. 2013-லதான் சரடோவ் ஏர்லைன்ஸ்னு பேரை மாத்திக்கிட்டாங்க. ரொம்ப வருஷம் ஏர்போர்ட்டும் ஏர்லைனும் ஒரே நிர்வாகத்துல இருந்துச்சு, அதுல ஒரு நன்மை இருந்துச்சு, ஒரு பக்கம் நஷ்டம்னா இன்னொரு பக்கம் தாங்கும்.

அந்த முன்னூறு கம்பெனியில பெரும்பாலானது தொண்ணூறுகள்லயே செத்துப்போச்சு. டிக்கெட் விலையை அரசாங்கம் தாங்கின காலம் போயிடுச்சு, விமான எரிபொருள் விலை ஏறுச்சு, ஜனங்க கையில காசு இல்ல. ரஷ்யாவுல 1991-ல 1,400-க்கும் மேல ஏர்போர்ட் வேலை செஞ்சுது, இருபது வருஷத்துல அது முன்னூறு வாக்குல வந்துடுச்சு. கிராமத்துக்கும் மாவட்டத்துக்கும் பறந்துகிட்டிருந்த குட்டி விமானங்க எல்லாம் நின்னுபோச்சு. மிச்சம் இருந்த ரூட்டு எல்லாம் மாஸ்கோவை நோக்கித்தான். பக்கத்து மாகாணத்துக்குப் போகணும்னாலும் மாஸ்கோ போய் மாறிப்போக வேண்டிய நிலைமை, இது இன்னைக்கும் முழுசா மாறல, பக்கத்து ஊருக்கு நேரடி ஃப்ளைட் விடறதுக்கு அரசாங்கம் மானியம் குடுத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கு.

சரடோவ் கம்பெனி பிழைச்சதும் மாஸ்கோ ரூட்டை வச்சுத்தான். ரயில்ல போனா ராத்திரி முழுக்கப் பயணம், விமானத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள. அதோட சோச்சி, பீட்டர்ஸ்பர்க், கோடையில மொத்தமா வாடகைக்கு விடற சார்ட்டர் ஃப்ளைட்னு கொஞ்சம். அப்புறம்தான் ஓர்ஸ்க் மாதிரி ஊருங்க. ஓர்ஸ்க் எங்க இருக்குன்னா ஓரென்பர்க் மாகாணத்துல, கஜகஸ்தான் எல்லையை ஒட்டி, மாஸ்கோவுல இருந்து 1,400 கிலோமீட்டருக்கும் மேல. தொழிற்சாலை ஊர், கல்லூரிக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாஸ்கோ போற ஜனங்க. ரயில்னா ஒரு நாளுக்கு மேல ஆகும். பெரிய ஏர்லைனுங்களுக்கு இந்த மாதிரி ரூட்டுல அவ்வளவா ஆர்வம் இருக்காது, 160 சீட்டு விமானத்தை வாரம் முழுக்க நிரப்ப முடியாது. 70, 80 சீட்டு விமானம் வச்சிருக்கிற சரடோவ் மாதிரி கம்பெனிதான் அங்க போகும். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இப்படிப்பட்ட கம்பெனியை மோசமான ஏர்லைன், மூடினது நல்லதுன்னு சுலபமா சொல்லிடலாம், ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு மாஸ்கோவோட இருந்த விமானத் தொடர்பு பெரும்பாலும் இவங்களை மாதிரி கம்பெனிங்கதான்.

2010 வாக்குல சிக்கல் ஆரம்பிச்சுது. உள்ளூர் தொழிற்சாலை ஆர்டர் இல்லாம திவாலாகி மூடிட்டாங்க. யாக் 42 எல்லாம் வயசாகி எரிபொருளை அதிகமா குடிக்க ஆரம்பிச்சுது, புது யாக் வராது, ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பழைய விமானத்தைப் பிரிச்சு எடுக்கணும். அதுலயும் 2011 செப்டம்பர்ல யாரஸ்லாவ்ல யாக் சர்வீஸ்ங்கிற இன்னொரு கம்பெனியோட யாக் 42 விழுந்து லோகோமோட்டிவ் ஐஸ் ஹாக்கி டீம் மொத்தமா போயிடுச்சு, 44 பேர். அன்னைக்கு அதிபரா இருந்த மெத்வதேவ் சின்ன ஏர்லைனுங்க எண்ணிக்கையைக் குறைக்கணும்னு வெளிப்படையாவே சொன்னாரு. ரெகுலர் சர்வீஸ் நடத்தணும்னா குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாம விமானம் வச்சிருக்கணும்னு விதியும் வந்துச்சு. கம்பெனி பெருசானா பாதுகாப்பு தானா வரும்ங்கிறது அதோட கணக்கு.

சரடோவ்காரங்களும் மாறணும்னு நினைச்சாங்க. 2013 கடைசியில பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் ஜெட் ரெண்டு எடுத்தாங்க, ரஷ்யாவுல அந்தப் பெரிய ரக எம்ப்ரேயரை முதல்ல ஓட்டினது இந்த மாகாணக் கம்பெனிதான். நல்ல விமானம், சின்ன ரன்வேக்கும் பொருத்தம். ஆனா நேரம் சரியில்ல. வெளிநாட்டு விமானத்துக்கு லீஸ் பணம் டாலர்ல கட்டணும், டிக்கெட் விக்கிறது ரூபிள்ல, 2014 கடைசியில ரூபிள் மதிப்பு கிட்டத்தட்ட பாதியா விழுந்துடுச்சு. இதுக்கு மேல எம்ப்ரேயர் வாங்கறதை நினைச்சே பாக்க முடியாது.

அந்த இடத்துலதான் ஆன்டோனவ் 148 வருது. உக்ரைன்ல டிசைன் பண்ணின விமானம், இறக்கை மேல, எஞ்சின் அதுக்குக் கீழ தொங்கும், அதனால கல்லு மண்ணு இருக்கிற ரன்வேலயும் இறங்கும், குட்டி ரன்வே போதும். ரஷ்யாவுல வரோனெஷ் ஊர்ல சேர்த்துக் கட்டினாங்க, எஞ்சின் உக்ரைனோட ஸபரீஷியாவுல இருந்து வரும். 2014-க்கு அப்புறம் ரெண்டு நாட்டுக்கும் பகை ஆயிட்டதால பார்ட்ஸ், டெக்னிக்கல் உதவி எல்லாமே இழுபறி. பீட்டர்ஸ்பர்க்ல இருந்த ரோஸியா ஏர்லைன்ஸ் தன்கிட்ட இருந்த 148 எல்லாத்தையும் 2015 வாக்குல ஓரம் கட்டிட்டாங்க. பெரிய கம்பெனி வேணாம்னு ஒதுக்கின அந்த விமானங்களைத்தான் சரடோவ் எடுத்துக்கிச்சு. விழுந்த விமானமும் அதுல ஒண்ணு, 2010-ல செஞ்சது. பழசு இல்ல, ஓட்டை விமானமும் இல்ல, பார்ட்ஸும் பைலட்டும் கிடைக்கக் கஷ்டமான அனாதை ரகம், அவ்வளவுதான்.

இப்போ கணக்குப் பாருங்க. மொத்தம் ஏறக்குறைய ஒரு டஜன் விமானம், அதுல மூணு ரகம், மூணும் வெவ்வேறு டிசைன் பாணி. யாக் 42 சோவியத் காலத்து காக்பிட், முள்ளு மீட்டரு நிறைய. எம்ப்ரேயர் மேற்கத்திய பாணி. 148 ரெண்டுக்கும் நடுவுல, ஸ்கிரீன் எல்லாம் நவீனம், ஆனா சில வேலையை க்ரூவே ஞாபகம் வச்சு செய்யணும். ஒவ்வொரு ரகத்துக்கும் தனி ட்ரெய்னிங், தனி இன்ஸ்ட்ரக்டர், தரையிலயே விமானம் ஓட்டிப் பழகற சிமுலேட்டர்ல தனி நேரம், தனி மெக்கானிக். நூறு விமானம் வச்சிருக்கிற கம்பெனிக்கு இது சமாளிக்கிற செலவு, இவங்களுக்கு மூச்சு முட்டற செலவு. இந்த மாதிரி இடத்துலதான் ஒழுங்குமுறை மெல்ல மெல்லத் தளரும்னு நான் நம்பறேன். 2015-லயே ஒரு எச்சரிக்கை மணி அடிச்சுது. திடீர் சோதனைக்கு வந்த அதிகாரிங்க பறந்துட்டிருந்த ஃப்ளைட்டோட காக்பிட்ல க்ரூவைச் சேராத ஒரு ஆள் இருந்ததைக் கண்டுபிடிச்சு, கம்பெனியோட வெளிநாட்டு சர்வீஸை நிறுத்தி வச்சாங்க. மேல்முறையீடு போட்டு, உள் விதிகளை மாத்தி, 2016-ல வெளிநாட்டு சார்ட்டரைத் திரும்ப ஆரம்பிச்சாங்க.

இனி அந்த ஸ்விட்ச். விமானத்தோட வேகத்தை எப்படி அளக்கறாங்கன்னா, மூக்குப் பக்கம் வெளிய நீட்டிட்டிருக்கிற பிட்டோ ட்யூப்னு சின்ன குழாய்ங்க இருக்கு, எதிர்க்காத்து அதுக்குள்ள அழுத்தற அழுத்தத்தை வச்சுத்தான் வேகம் தெரியும். அந்தக் குழாய் வாயில பனிக்கட்டி அடைச்சிக்கிட்டா விமானம் எவ்வளவு வேகமா போனாலும் மீட்டர் தப்பாக் காட்டும். அதனால அதுக்குள்ள ஹீட்டர் வச்சிருப்பாங்க. ஏர்பஸ் மாதிரி விமானத்துல எஞ்சின் ஓட ஆரம்பிச்சாலே ஹீட்டர் தானா வந்துடும். 148-ல க்ரூதான் போடணும், டேக்ஆஃபுக்கு முன்னாடி செக்லிஸ்ட் படிச்சு ஒவ்வொண்ணா சரிபாத்துக்கணும்.

அன்னைக்கு மாஸ்கோவுல பனி பெஞ்சிட்டிருந்துச்சு, வெப்பம் உறைநிலைக்குக் கீழ. ஹீட்டர் போடல. மூணு குழாய்க்கும் ஹீட்டிங் இல்லைன்னு ஸ்கிரீன்ல செய்தி இருந்தப்பவே டேக்ஆஃப் ஆனாங்க. கிளம்பி ரெண்டரை நிமிஷம் கழிச்சு, 1,300 மீட்டர் உயரத்துல கேப்டன் பக்க வேகமும், மாத்து ஏற்பாடா வச்சிருக்கிற ஸ்டாண்ட்பை மீட்டர் வேகமும் வேற வேறயாக் காட்ட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல கேப்டன் பக்கம் வேகம் பூஜ்ஜியம். ஆட்டோபைலட்டை எடுத்துட்டாங்க. இப்படி வேகம் நம்ப முடியாதபடி ஆனா என்ன செய்யணும்னு கையேட்டுல தெளிவா இருக்கு: வேக மீட்டரைப் பாக்காதே, மூக்கை ஒரு குறிப்பிட்ட கோணத்துல வை, எஞ்சின் பவரை ஒரு குறிப்பிட்ட அளவுல வை, விமானம் பாதுகாப்பா பறக்கும், அதுக்குள்ள என்ன கோளாறுன்னு தேடு. அவங்க அதைச் செய்யல. குறைஞ்சிட்டே போற பொய்யான வேகத்தை நம்பி, வேகத்தை மீட்கறதுக்காக மூக்கைக் கீழ அமுக்கினாங்க. விமானம் 30, 35 டிகிரி சாய்வுல மேகத்துக்குள்ளயே இறங்கிச்சு. தரையைத் தொடும்போது ஸ்டாண்ட்பை மீட்டர்ல வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர், கேப்டன் பக்க மீட்டர் அப்பவும் பூஜ்ஜியம்தான் காட்டிட்டிருந்துச்சு. எஞ்சின் ரெண்டும் கடைசிவரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சு, விமானத்துல எந்தப் பாகமும் உடையல.

2009-ல அட்லாண்டிக்ல விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447-லயும் பிட்டோ ட்யூப்ல பனி அடைச்சதுதான் தொடக்கம், 228 பேர் போனாங்க. அங்க ஹீட்டர் வேலை செஞ்சும் அடைச்சுது, அங்க மூக்கை மேல தூக்கினாங்க, இங்க கீழ அமுக்கினாங்க. ரெண்டு இடத்துலயும் க்ரூ அந்தச் சூழ்நிலையைப் போதுமான அளவு பழகிப்பாக்கல. ஏர் ஃபிரான்ஸ் மாதிரி ஒரு பெரிய கம்பெனிக்கே நடந்ததுன்னா, சிமுலேட்டர் நேரத்துக்குக் காசு எண்ணிப் பாக்கிற கம்பெனியில என்ன எதிர்பாக்க முடியும்?

விசாரணை நடத்தின இன்டர்ஸ்டேட் ஏவியேஷன் கமிட்டியோட இறுதி அறிக்கை 2019-ல வந்துச்சு. ஹீட்டர் போடல, செக்லிஸ்ட் செய்யல, ஸ்கிரீன்ல வந்த செய்தியைக் கவனிக்கல, வேகம் குழம்பினப்போ கையேட்டு முறையைப் பின்பற்றலன்னு க்ரூ பக்கத்துத் தப்பைச் சொல்லிட்டு, கம்பெனியோட பாதுகாப்பு நிர்வாகத்துல இருந்த குறையையும் சேர்த்தே சொன்னாங்க. எனக்கு இதுல ரெண்டாவது பகுதிதான் பெருசாப் படுது. ஒரு நாள் ஒரு க்ரூ மறக்கறது மனுஷ இயல்பு, அதுக்குத்தான் செக்லிஸ்டே இருக்கு. ஆனா செக்லிஸ்டை ஒழுங்காப் படிக்காம கிளம்ப ஒரு காக்பிட்டுக்கு மனசு வருதுன்னா, அந்தப் பழக்கம் அன்னைக்குக் காலையில வந்திருக்காது. ஒவ்வொரு ஃப்ளைட்லயும் பதிவாகிற தகவலை எல்லாம் கம்பெனியில ஒருத்தர் உக்காந்து வாராவாரம் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

விபத்துக்கு அப்புறம் கம்பெனி 148-களை நிறுத்திட்டு யாக்கையும் எம்ப்ரேயரையும் வச்சு ஓட்டிப்பாத்துச்சு. பேரை இவோல்கான்னு மாத்தறோம்னு அறிவிச்சாங்க. ஆனா விமானத்துறை ஆணையம் ரோசாவியாட்சியா சோதனை நடத்தி முதல்ல லைசென்ஸைச் சுருக்குச்சு, அப்புறம் 2018 மே 31-ல இருந்து ரத்தே பண்ணிடுச்சு. இவோல்காங்கிற பேர்ல ஒரு ரெகுலர் ஏர்லைன் பறக்கவே இல்ல. ஏரோஃப்ளாட் காலத்துல இருந்து அங்கயே வேலை பாத்த பைலட்டுங்க, மெக்கானிக்குங்க, டிக்கெட் கவுண்டர்ல இருந்தவங்க எல்லாம் ஒரே சமயத்துல வேலை தேடிக் கிளம்பினாங்க. யாக் 42 மட்டும் தெரிஞ்ச மெக்கானிக்குக்கு எங்க வேலை கிடைக்கும், அந்த ரகத்தை ஓட்டறவங்களே விரல்விட்டு எண்ணற அளவுக்கு வந்துட்டாங்க.

ரஷ்யாவுல இது வழக்கமான பாதை. 2013 நவம்பர்ல கசான்ல தத்தார்ஸ்தான் ஏர்லைன்ஸோட போயிங் 737 விழுந்து 50 பேர் இறந்தாங்க, அந்த வருஷக் கடைசியிலயே அந்தக் கம்பெனியோட லைசென்ஸ் போச்சு. விபத்து, சோதனை, ரத்து, அடுத்தது. சரடோவ் லைசென்ஸை ரத்து பண்ணினது தப்புன்னு நான் சொல்லல, 71 பேர் போன பிறகு அந்த நிர்வாகத்தை அப்படியே தொடரவிட எந்த அரசாங்கத்தாலயும் முடியாது. என் ஆதங்கம் அதுக்கு முந்தைய வருஷங்களைப் பத்தி. குறைஞ்சது இத்தனை விமானம் இருக்கணும்னு எண்ணின அதிகாரிங்க, அந்த விமானங்க எத்தனை ரகம், அதுல எது பார்ட்ஸ் கிடைக்காத ரகம், ஒரு ரகத்துக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்டர் இருக்காங்கன்னு கேட்டிருக்கணும். பெரிய கம்பெனி கைவிட்ட ஒரு ரகத்தைச் சின்ன கம்பெனி எடுக்குதுன்னா, ஆளையும் அனுபவத்தையும் சேர்த்து எடுக்குதா, இல்ல விமானத்தை மட்டும் எடுக்குதான்னு பாத்திருக்கணும். 2015-ல காக்பிட்ல வெளியாளைப் பிடிச்சப்போ வெளிநாட்டு சர்வீஸை நிறுத்தினாங்களே தவிர, உள்நாட்டுல அதே க்ரூ அதே காக்பிட்ல பறந்துட்டுதான் இருந்தாங்க. அந்தத் தண்டனைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் புரியல.

சரடோவுக்குப் புது ஏர்போர்ட் 2019 ஆகஸ்ட்ல திறந்தாங்க, ஊருக்கு வெளிய சபுரோவ்கா கிராமத்துப் பக்கம், ககாரின் பேர்ல, 3 கிலோமீட்டர் ரன்வேயோட. குன்று மேல இருந்த பழசை அதோட மூடிட்டாங்க. அந்த ரன்வேயில ஏர்பஸ் 320, போயிங் 737 எல்லாம் முழு லோடோட இறங்கும், மாஸ்கோவுல இருந்து பெரிய ஏர்லைனுங்க வருது, ஊர்க்காரங்களுக்கு ஃப்ளைட்டுக்குக் குறைவில்ல. ஆனா ஓர்ஸ்க் மாதிரி ஊருங்க நிலைமை வேற. சரடோவ் லைசென்ஸ் போனா சரடோவுக்கு வேற ஆள் வருவாங்க, மாகாணத் தலைநகர், பயணிங்க கூட்டம் உண்டு. 70 சீட்டு விமானம் மட்டுமே கட்டுப்படியாகிற ஊருக்கு, அந்த அளவு விமானத்தை ஒழுங்கா ஓட்டற கம்பெனி நாட்டுல ரொம்பக் குறைஞ்சுபோச்சு, யாக் 42 போச்சு, 148 போச்சு, ரெண்டுத்துக்கும் மாத்தா அந்த அளவுல உள்நாட்டு விமானம் எதுவும் போதுமான எண்ணிக்கையில வரல.